அத்தையின் தூக்கு

ஹாம்பர்க்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ, மாமா, பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். முந்தாநாள்தானே வீடியோவில் பேசினோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நாம் பேசும்போது உன் அடுப்பில் குழம்பு கொதிக்கும், மாமா டிவியை அலறவிடுவார். இதை அந்தச் சத்தத்தில் என்னால் சொல்ல முடியாது.

முதலில் நீ கேட்டவை. குளிர் குறைந்துவிட்டது. வேலை அப்படியேதான், கிரேனுக்கு அடியில் கிரீஸ் பூசிக்கொண்டு. இங்கே துறைமுகம் இருக்கிறதே தவிர கடல் இல்லை. எல்பே ஆற்றுக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்துதான் கப்பல் நிற்கிறது. கண்டெய்னர், லாரி வரிசை, டீசல் புகை எல்லாம் நம்மூர் போலத்தான். உப்புக்காற்றும் கருவாட்டு வாடையும் மட்டும் கிடையாது, மூக்கு இன்னும் அதைத் தேடுகிறது.

ஞாயிறு விடியற்காலை ஆல்டோனாவில் மீன் சந்தை கூடும். 1703-லிருந்து நடக்கிறதாம். சர்ச் நேரத்துக்கு முன்னால் விற்று முடிக்கட்டும் என்று அவ்வளவு சீக்கிரம் வைத்தார்கள். இன்றைக்கும் ஒன்பதரைக்கு மூடிவிடுகிறார்கள். சர்ச்சுக்குத்தான் ஆள் குறைந்துவிட்டது. விற்கிறவர்கள் கத்துவதைக் கண்ணை மூடிக் கேட்டால் காசிமேட்டு ஏலம்தான். ஆனால் வஞ்சிரம் இல்லை, சங்கரா இல்லை. விலாங்கைப் புகை போட்டு விற்கிறார்கள். ஆயா பார்த்திருந்தால், நல்ல மீனைக் கெடுத்துட்டானுங்க என்று திட்டியிருக்கும்.

சர்ச் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே வந்த புதிதில் பதிவுப் படிவத்தில் மதம் என்ற இடத்தில் கத்தோலிக்கம் என்று எழுதினேன். அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் புரியாத ஒரு பிடித்தம். விசாரித்தால், நாம் கட்டும் வருமான வரியில் 9 சதவீதம் அளவுக்குத் தனியாகத் திருச்சபைக்குப் போகிறதாம், வரி ஆபீசே வசூலித்துக் கொடுத்துவிடுமாம். வேண்டாம் என்றால் சபையை விட்டு விலகுகிறேன் என்று அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர்களில் பலர் அப்படி எழுதிக் கொடுத்தவர்கள். நான் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் ஆர்மீனியன் தெரு அந்தோணியாரிடம் போய் உண்டியலில் ஆயா போட்ட சில்லறை என்று அதை நினைத்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகளுக்குப் போன மாதம் பதினாலு முடிந்தது. இந்த நாட்டில் 1921-ல் போட்ட ஒரு சட்டம் இருக்கிறது. பதினாலு வயதாகிவிட்டால் எந்த மதத்தில் இருப்பது, அல்லது எதுவுமே வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யலாம். அப்பா அம்மா குறுக்கே நிற்க முடியாது. அவளிடம் சொன்னேன். "நானே இன்னும் முடிவு பண்ணலைப்பா, சட்டத்துக்கு என்ன அவசரம்?" என்கிறாள். பள்ளியிலும் எல்லா மதப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்துத்தான் மதபாடம் நடத்துகிறார்கள். ஜெர்மனியில் பல இடங்களில் கத்தோலிக்கருக்குத் தனி வகுப்பு, புராட்டஸ்டன்டுக்குத் தனி வகுப்பு, ஹாம்பர்க்கில் இப்படி.

அவளுக்கு ஒரு தோழி இருக்கிறாள், வீடியோவில் நீயும் பார்த்திருக்கிறாய், பல்லில் கம்பி போட்ட பெண். 1961-ல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு வேலைக்கு ஆள் எடுத்ததே, அதில் வந்தவர் அவளுடைய தாத்தா. ஆறு வருடமாக வாரத்தில் மூன்று நாள் நம் வீட்டில்தான் சாப்பாடு. ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பாள். இந்த வருடம்தான் முதல்முறையாக ரமலான் மாதம் முழுக்க நோன்பு இருந்தாள். நம் பெண் பிறந்தநாளன்று பிரியாணி போட்டேன். தட்டை வாங்கியவள் ஒரு நிமிடம் யோசித்தாள். கறி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். சொன்னேன். தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, மன்னிக்க வேண்டும், இனிமேல் ஹலால் மட்டும்தான் என்றாள்.

நான் பரவாயில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்த பத்தடியில் எனக்கு அத்தையின் முகம் வந்துவிட்டது. ஆமாம், மூன்றாவது வீட்டு அத்தைதான்.

அந்த வீட்டுப் பையனும் நானும் எப்படி இருந்தோம் என்று உனக்குத் தெரியும். அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஸ்ட்ரைக்கர்தான். கேரம் போர்டில் ஒரே போக்கில் ரெட்டையும் ஃபாலோவையும் போட்டுவிட்டு பவுடர் கையை என் சட்டையில் துடைப்பான். கேரம் சாம்பியன் மரிய இருதயம் அர்ஜுனா விருது வாங்கியது 1996-ல். கிளப் சுவரில் அவன் ஒட்டிய பேப்பர் படம் மஞ்சளாகும்வரை இருந்தது. புதுவண்ணாரப்பேட்டை காசிமா 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கியபோது எனக்கு முதலில் அவனிடம் சொல்லத்தான் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளப்புக்குப் போக, பேதுரு கோயிலுக்குள்ளேயே வந்து பின்பெஞ்சில் காத்திருப்பான். ஒருநாள் நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் கைநீட்டி நின்றவனை நீதானே காதைப் பிடித்து இழுத்து வந்தாய்? "பிஸ்கட் தீந்துடுச்சாக்கா?" என்றான். துளிகூடக் கோபம் இல்லை.

சினிமாவில் வருகிற மத ஒற்றுமைப் பாட்டு மாதிரி இருந்தோம் என்று நினைக்காதே. மதத்தைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவன் வீட்டில் திருநீறு, நம் வீட்டில் சுரூபம், இரண்டு வீட்டிலும் ஒரே கருவாடு.

அப்புறம்தான் நான் அந்த ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். நாம் செபம் என்போம், அவர்கள் ஜெபம் என்பார்கள். அந்த ஓர் எழுத்துக்கே நம் வீட்டில் எத்தனை சண்டை! 2000-ஆம் வருடம், எனக்குப் பதினாறு. உலகம் முடியப்போகிறது என்று தெருவெல்லாம் துண்டுச்சீட்டு கொடுத்த சமயம். அவர்களை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். நைனா ராத்திரி குடித்துவிட்டு வந்து நிற்கிற வீட்டிலிருந்து போன பையனுக்கு, அந்த மாடியில் மின்விசிறிக்கு அடியில் ஒரு நாற்காலி கிடைத்தது. பிரதர் என்று கூப்பிட்டார்கள். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்கள். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அழுதால்கூட அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன கோயில் ஆயாவுடையது. இது என்னுடையது என்று தோன்றியது. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, அக்கா.

ஆனால் என்னுடையது என்று காட்ட வேண்டுமே. ஆயாவிடம் போய், சுரூபத்தை எடுத்துவிடு, அது விக்கிரகம் என்றேன். "நீ முட்டி போடக் கத்துக்கினதே அது முன்னாலதான்டா" என்று சொல்லிவிட்டு ஆயா வெற்றிலை மடிக்கப் போய்விட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

ஆடி மூன்றாவது ஞாயிறு. தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு அத்தை வழக்கம்போல நமக்குத் தூக்கில் கொண்டுவந்தது. கேழ்வரகுக் கூழ், மேலே சின்ன வெங்காயம், கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு. வருடா வருடம் அந்தத் தூக்கை வாசலிலேயே பிடுங்கிக் குடித்தவன் நான். அன்றைக்கு மூடியைத் திறக்கப்போன அத்தையின் கைமேல் என் கையை வைத்து, "படைச்சதை நான் தொட மாட்டேன்" என்றேன். பின்னால் ஸ்ட்ரைக்கர் நின்றிருந்தான். அத்தை எதுவும் சொல்லவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. அன்று நீ ஜவுளிக் கடை வேலைக்குப் போயிருந்தாய், அதனால்தான் இத்தனை நாள் உனக்கு இது தெரியாது.

அவன் சண்டை போடவில்லை. சாயந்தரம் விசிலடித்துக் கூப்பிடுவது மட்டும் நின்றுவிட்டது. ஒன்றரை வருடத்தில் நானே கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டேன், பெரிய காரணம் ஒன்றும் இல்லை, பாலிடெக்னிக் தூரம். விசில் திரும்ப வரவில்லை. உன் கல்யாணத்தில் சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான். ஆயா சாவுக்கு என்னால் வர முடியவில்லை. காசிமேடு கல்லறைக்குப் பெட்டியைத் தூக்கிப் போனவர்களில் அவனும் ஒருவன் என்று நீ அனுப்பிய போட்டோவில்தான் பார்த்தேன். நான் நிற்க வேண்டிய மூலையில் நின்றிருந்தான்.

சில வருடம் முன்னால் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை எங்களை ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குக் கூட்டிப்போனார். போரிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் 2002-ல் எழுப்பிய கோயில், நம்மூர்க் கோபுரம் போலவே. அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதனால் அது கணக்கில் சேராது.

அந்தத் துருக்கிப் பெண்ணின் கதையை முடிக்கவில்லையே. பிறந்தநாள் ராத்திரி உன் மருமகள் ஒரே அழுகை, ஆறு வருஷமா சாப்பிட்டாளே, இப்போ மட்டும் என்ன என்று. அடுத்த சனிக்கிழமை மணி அடித்தது. அவள்தான். கையில் பை, பைக்குள் அவர்கள் கடையில் வாங்கிய இரண்டு முழுக்கோழி. "இதில் பிரியாணி செய்வீர்களா, அங்கிள்? எனக்குக் காரம் கொஞ்சம் குறைவாக" என்றாள். இருபத்தைந்து வருடமாக எனக்குக் கிடைக்காத வாக்கியத்தை அந்தப் பெண் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். வெங்காயம் நறுக்கும் சாக்கில் கொஞ்ச நேரம் சமையலறையிலேயே நின்றேன்.

ஜூலையில் இங்கே பள்ளி லீவு. டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆடி மூன்றாவது ஞாயிறு எந்தத் தேதியில் வருகிறது என்று காலண்டரைப் பார்த்து எழுது. முட்டி வலியோடு அத்தை இன்னும் கூழ் ஊற்றுகிறது என்று சொன்னாயே, நான் வருவதை அதனிடம் சொல்லிவிடாதே. சொன்னால் எனக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடும். நம் வீட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நானே வரிசையில் நிற்கிறேன். அந்தப் பழைய எவர்சில்வர் தூக்கு பரணில் இருக்கிறதா பார், கைப்பிடி ஆடினால் சரிசெய்து வை.

உன் மருமகள் கருவாட்டைத் தொட மாட்டாள். அவளுக்கு முருங்கைக்கீரை பொரியல் இருந்தால் போதும்.

அன்புடன்,
உன் தம்பி