அந்த எண்ணைக் கடைசியில் பாருங்கள்

கணினிப் பொறியியல் துறைகளின் தேர்வுக் குழுக்களுக்கும் பதவி உயர்வுக் குழுக்களுக்கும்,

வணக்கம். நான் கணினிக் கட்டமைப்பில், அதாவது பிராசஸர், நினைவகம் போன்றவற்றை வடிவமைக்கும் துறையில், ஆய்வு செய்கிறவன். உங்கள் மேசைக்கு எதிரே விண்ணப்பதாரராக உட்கார்ந்திருக்கிறேன், அப்புறம் உங்கள் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தபோது நடந்த ஒன்றுதான் இந்த மடலை எழுத வைத்தது.

ஒரு கோப்பு கைமாறி வந்தது. முதல் தாளின் மேலேயே எச்-இன்டெக்ஸ் 6 என்று தடித்த எழுத்தில் இருந்தது. ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவு அது. பக்கத்திலிருந்தவர் "ஆறுதானா?" என்றார், அடுத்த கோப்பைப் பிரித்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த விண்ணப்பதாரரின் கட்டுரை ஒன்றை நான் முன்பே படித்திருந்தேன். பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேகமான சிறு நினைவகமான கேஷுக்கு ஒரு புதிய வடிவமைப்பு. வேண்டிய மின்சுற்றாக மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப் பொருத்திய போர்டில் ஓட்டிக் காட்டி, நிரல் முழுவதையும் வெளியிட்டிருந்தார். என் மாணவர்கள் அதை இறக்கி ஓட்டினார்கள். கட்டுரையில் போட்டிருந்த வரைபடம் அப்படியே வந்தது. எங்கள் துறையில் இது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும். அன்று அதை நான் அழுத்திச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது இன்றுவரை மனதை அறுக்கிறது.

எச்-இன்டெக்ஸை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. கணக்கு எளிது, அதனால்தான் இவ்வளவு வேகமாகப் பரவியது. ஆனால் இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஆய்வை விட்டு விலகியவருக்கும் ஏறும். நேற்று முனைவர் பட்டம் வாங்கியவர் எவ்வளவு நல்ல வேலை செய்திருந்தாலும் சிறியதாகத்தான் இருக்கும்.

ஐபிஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த ராபர்ட் டொமசுலோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 91 என்ற கணினியின் மிதவைப் புள்ளி அலகுக்காக (தசம எண்களைக் கணக்கிடும் பகுதி) அவர் வகுத்த வழிமுறை 1967-இல் ஐபிஎம்மின் ஆய்விதழில் வந்தது. வரிசைப்படி காத்திருக்காமல், தேவையான தரவு கையில் வந்த கட்டளையை முதலில் முடித்துவிடலாம் என்ற யோசனை அது. 1990-களில்தான் அது பொதுப் பயன்பாட்டு பிராசஸர்களில் பரவலாக வந்தது. 1997-இல் அவருக்குக் கணினிக் கட்டமைப்புக்கான எக்கர்ட்-மாச்லி விருது கொடுத்தார்கள். இன்று வேகமாக ஓடும் பிராசஸர் எதைத் திறந்தாலும் அந்த யோசனையின் வம்சாவளி உள்ளே இருக்கும். அந்த ஒரு கட்டுரையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உங்களிடம் வந்தால் அவருடைய எச்-இன்டெக்ஸ் 1. பத்தாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருந்தாலும் 1தான்.

ஆய்விதழ்ப் பட்டியலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் துறையில் முதல்தர வேலை பெரும்பாலும் மாநாடுகளில்தான் வெளியாகிறது. 1973-இலிருந்து நடக்கும் கணினிக் கட்டமைப்பு மாநாடான இஸ்கா போன்றவை, வரும் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றைத்தான் ஏற்கின்றன. 1999-இலேயே அமெரிக்காவின் கணினி ஆய்வுச் சங்கம் இதை விளக்கி, பதவி உயர்வுக் குழுக்களுக்கென்றே ஒரு குறிப்பு வெளியிட்டது. இருந்தும் "ஆய்விதழா? இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது" என்ற வரி இன்னும் பல படிவங்களில் இருக்கிறது. உலகெங்கும் கட்டமைப்பு ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஜெம்5 என்ற சிமுலேட்டரின் (பிராசஸர் வடிவமைப்பை மென்பொருளில் ஓட்டிப் பார்க்கும் கருவி) கட்டுரை 2011-இல் வெளியானது ஒரு செய்தி மடலில். அந்தப் படிவப்படி அதற்குப் பூஜ்யம்.

இன்னொரு பக்கம், எண்ணை ஏற்றுவது அவ்வளவு கடினமும் இல்லை. சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 2010-இல் ஐக் அன்ட்கரே என்று ஒரு இல்லாத விஞ்ஞானியை உருவாக்கினார். கணினி தானாக எழுதிய அர்த்தமற்ற கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்ட வைத்தார். கூகுள் ஸ்காலர் கணக்கில் அந்த ஆளின் எச்-இன்டெக்ஸ் 94. அவ்வளவு தூரம் போகாதவர்களும் உண்டு: பிறர் கட்டுரையை வெளியிடும் முன் மதிப்பாய்வு செய்யும்போதே "என் கட்டுரைகளையும் மேற்கோளில் சேருங்கள்" என்று எழுதுகிறவர்கள். எனக்கே அப்படி வந்திருக்கிறது. மாணவனின் பட்டம் தள்ளிப்போகக் கூடாதே என்று சேர்த்தும் இருக்கிறேன்.

மேற்கோளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் மேற்கோள் காட்டினார்கள், எதற்காக என்று பாருங்கள். "இதுபோன்ற ஆய்வுகள் உள்ளன" என்று பத்தோடு பதினொன்றாகச் சுட்டுவது ஒரு வகை. "இவர்கள் வடிவமைப்பின் மேல்தான் எங்களுடையதைக் கட்டினோம்" என்பது வேறு வகை. எண்ணில் இரண்டும் ஒன்றுதான். அதேபோல, இயந்திரக் கற்றலில் எழுதுகிறவரின் கூட்டம் பெரியது, வன்பொருள் சரிபார்ப்பில் எழுதுகிறவரின் கூட்டம் சிறியது. இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தாதீர்கள்.

நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும் அவரே தேர்ந்த மூன்று கட்டுரைகளைக் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் தன் பங்கு என்ன என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். வெளியிட்ட நிரலையும் சிப் வடிவமைப்பையும் கணக்கில் சேருங்கள். குழுவில் இருவராவது அவற்றைப் படித்துவிட்டு வரட்டும். எண்கள் இருக்கும் தாளை அதற்குப் பிறகு சுற்றுக்கு விடுங்கள். ஆய்வை எப்படி மதிப்பிட வேண்டும் என்று 2013-இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் இந்த வழியைத்தான் காட்டுகிறது. உங்கள் நிறுவனம் அதில் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், இதற்குப் புதிய விதி எதுவும் தேவைப்படாது.

நேரம் இல்லை என்பீர்கள், உண்மைதான். கட்டமைப்புத் துறைக் கோப்புகள் வந்தால் எனக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் கொடுங்கள், படித்து எழுதித் தருகிறேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
கணினிக் கட்டமைப்பு ஆய்வாளர் ஒருவர்