அன்இன்ஸ்டால் செய்தால் கேமும் போகும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி கேம்களை வாங்கி இறக்கி விளையாட உதவும் ஸ்டீம் செயலி திறக்கவில்லை என்று கேட்ட வாசகருக்கு, சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், "அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போடுங்கள், கேம்கள் எங்கும் போகாது" என்று எழுதியிருக்கிறீர்கள். போகும் ஐயா. ஸ்டீம் கோப்புறைக்குள் இருக்கும் ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறையில்தான் கேம்கள் இருக்கின்றன. அன்இன்ஸ்டால் செய்தால் அதுவும் சேர்ந்தே அழியும். 80 ஜிபி கேமைத் திரும்ப டவுன்லோட் செய்துகொள்ளலாம், டேட்டாதான் வீண். ஆனால் கிளவுடில், அதாவது ஸ்டீமின் இணையச் சேமிப்பில், ஏறாத சில கேம்களின் சேவ் ஃபைல்கள் (எதுவரை விளையாடினோம் என்ற பதிவு) பக்கத்திலுள்ள யூசர்டேட்டா கோப்புறையில் கிடக்கும். அவை போனால் போனதுதான். கணினி சர்வீஸ் வேலையில் இந்தத் தவறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சொல்லியிருக்க வேண்டியது இது: டாஸ்க் மேனேஜரில் ஸ்டீமை முழுதாக நிறுத்த வேண்டும். ஸ்டீம் கோப்புறையைத் திறந்து ஸ்டீம்ஆப்ஸ் (steamapps), யூசர்டேட்டா (userdata), ஸ்டீம்.இஎக்ஸ்இ (steam.exe) ஆகிய மூன்றை மட்டும் விட்டு மற்றதை அழிக்க வேண்டும். அந்த இஎக்ஸ்இ-யை இயக்கினால் மீதியை அதுவே இறக்கிக்கொள்ளும். மறுபடி லாகின் கேட்கும், பாஸ்வேர்ட் கையில் இருக்கட்டும்.

இது முதல் முறை என்றால் எழுதியிருக்க மாட்டேன். 300 எம்பி அப்டேட்டுக்கு 50 ஜிபி இடம் கேட்பதை "ஸ்டீமின் கோளாறு" என்று முன்பு ஒருவருக்குச் சொன்னீர்கள். கேமின் தரவு முழுவதும் ஒரே பெரிய ஃபைலில் கட்டப்பட்டிருந்தால், அதில் சிறு பகுதி மாறினாலும் ஃபைல் முழுவதையும் டிஸ்க்கில் புதிதாக எழுதியாக வேண்டும். பழையது அதுவரை அங்கேயே இருக்கும். அதனால்தான் அத்தனை இடம். டவுன்லோட் சீக்கிரம் முடிந்தும் ஹார்ட் டிஸ்க் மட்டும் வெகுநேரம் ஓடுவதும் அதனால்தான்.

"பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும்" என்றும் எழுதினீர்கள். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்ற நிபந்தனைகளை ஏன் விட்டீர்கள்? சில கேம்கள் ஸ்டீமுக்குள்ளிருந்து இன்னொரு லாஞ்சரை, அதாவது கேமைத் தொடங்கிவைக்கும் வேறொரு செயலியை, திறக்கும். அது அப்டேட் இறக்கும் நேரமும் அந்த 2 மணியில்தான் கழியும்.

எல்லாவற்றிலும் மேலாக, "வாங்கிய கேம் என்றும் உங்களுடையது" என்ற வரி. வாங்குவது உரிமம் மட்டுமே என்று 2024 அக்டோபர் முதல் ஸ்டீமே பணம் கட்டும் பக்கத்தில் சொல்கிறது. இணைய இணைப்பு இல்லாமல் ஓடாத 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31-இல் மூடியபோது, காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட விளையாட முடியாமல் போனது. இன்ஸ்டாலரையே கையில் தரும் ஜிஓஜி போன்ற கடையும் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். தங்களுக்குத் தெரியாததல்ல.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அன்இன்ஸ்டால் பற்றிய பதிலை மட்டுமாவது திருத்தி வெளியிடுங்கள். அழிக்கக் கூடாத அந்த மூன்று பெயர்களும் அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்