லேபிளில் இன்னும் ஒரு வரி வேண்டும்

திருப்பூர், ஈரோடு, கரூர் ஆடை உற்பத்தியாளர்களுக்கு,

வணக்கம். போன தை மாதம் அத்தை மகளுக்குத் திருமணம். அத்தை எனக்கென்று ஒரு சட்டை எடுத்து, காலரில் மஞ்சள் தடவிக் கொடுத்தார். நான் உடுத்தவில்லை. வெளுத்துப்போன பழைய சட்டையில் மணமேடை அருகே நின்ற என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரணம் சொன்னேன். "துணி கூடவா ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும்?" என்றார்.

போகும். ஏழு ஆண்டுகளுக்கு முன், சுருக்கம் விழாத சட்டை ஒன்றை அலுவலகத்துக்கு அணிந்து போனேன். அன்று ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் அக்குளின் ஓரத்திலும் கழுத்திலும் தடித்துச் சிவந்து, பிறகு நீர் வடிந்தது. வேர்க்குரு என்று பவுடர், படை என்று களிம்பு. இப்படியே ஓராண்டு போனது. கடைசியில் தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்தார்; ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைச் சிறிது சிறிதாகத் தோலில் ஒட்டிப் பார்ப்பது. மே மாதத்தில், முதுகு நனையாமல் 48 மணி நேரம். ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் வைத்த இடமும், பாலியஸ்டருக்குப் போடும் நீலச் சாயம் வைத்த இடமும் கொப்பளித்திருந்தன.

சுருக்கம் விழாமலிருக்கத் துணியில் ஏற்றும் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு சிறுகச் சிறுக வெளியேறுகிறது. வியர்வை அதற்குத் துணைபோகிறது. அலசினால் குறையும், முழுதாகப் போகாது. ஊருக்கெல்லாம் பிடித்த புதுத்துணி வாசனை என்னைக் கடைவாசலிலேயே நிறுத்திவிடுகிறது. வெளியூர் போனால் விடுதிப் படுக்கையில் விரிக்க என் பழைய வேட்டியும் கூடவே வருகிறது.

கடையில் கேட்டால், "சுத்தமான காட்டன் சார்" என்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் பருத்தி என்னை எதுவும் செய்யவில்லை, அதன்மேல் ஏற்றியதுதான் செய்கிறது. லேபிளில் நூலின் விகிதம் இருக்கிறது, இஸ்திரிச் சூடு இருக்கிறது. இது மட்டும் இல்லை.

உடலை ஒட்டும் உள்ளாடையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடுக்கு ஜப்பான் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 75 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 75 பங்கு, என்று வரம்பு வைத்தது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் துணிக்கு அதைவிடக் கடுமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 நவம்பர் முதல் ஆடைகளுக்குக் கிலோவுக்கு 75 மில்லிகிராம்தான். அங்கே சரக்கு அனுப்புகிற உங்களுக்கு இதைச் சோதிக்கும் வழி புதிதல்ல. அதே அளவை உள்ளூர்க் கடைக்கு வரும் சட்டைக்கும் வையுங்கள். அதற்கு நாளாகும் என்றால், பிசின் ஏற்றியதா, என்ன சாயம் என்று லேபிளில் ஒரு வரியாவது அச்சிடுங்கள்.

அத்தை கொடுத்த சட்டை பீரோவில் மஞ்சள் தடத்தோடு அப்படியே இருக்கிறது. அதில் என்ன ஏற்றியிருக்கிறது என்று தெரிந்தால், உடுத்தலாமா என்பதை நானே முடிவு செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்