ரயிலில் நீ கேட்டதற்கு

அன்புள்ள கண்ணு,

ஊர் வந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவுக்குத் தூக்கம் இன்னும் சரியாகவில்லை, மற்றபடி நலம். அங்கே நெதர்லாந்தில் ரோல்டே கிராமத்துக்குப் போய்த் திரும்பிய அன்று ரயிலில் நீ இரண்டு தடவை கேட்டாய், "பிடிக்கலையாப்பா?" என்று. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிடிக்காமல் இல்லை கண்ணு. பேச வாய் வரவில்லை, அவ்வளவுதான். அதை இப்போது எழுதுகிறேன்.

அசென்னில் பஸ் ஏறிப் போய் இறங்கியதுமே அந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது. செங்கல் வீடுகள், ஓக் மர நிழல், எதிரே வந்த பெரியவர் வணக்கமாகச் சொன்ன "மோய்". தேவாலயக் கோபுரத்தின் செங்கல் கட்டைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். நீதான் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனாய். மயானத்தைத் தாண்டினால் புல்வெளியில் அந்த இரண்டு கல்வீடுகள். டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை. ஹூனபெட், இறந்தவர்களுக்காகப் பெருங்கற்களால் கட்டிய பழைய கல்லறை என்று சொல்லிக் கொடுத்தாய். அரக்கர்கள் கட்டியது என்று அந்தக் காலத்து மக்கள் நம்பியதால் வந்த பெயராம். நம் பக்கம் குன்றுகளில் இருப்பவற்றைக் குள்ளர் வீடு என்கிறோம். அங்கே கல்லின் கனத்தைப் பார்த்திருக்கிறார்கள், இங்கே அறையின் சிறுமையைப் பார்த்திருக்கிறார்கள்.

குனிந்து உள்ளே போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன் அல்லவா, அப்போது கல்லின் முகத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். வெளியே உருண்டையாகக் கரடுமுரடாக இருக்கிற கல், உள்பக்கம் தட்டையாக இருக்கிறது. எந்த முகம் உள்ளே வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். 5,000 வருஷத்துக்கு முந்திய சனம், இரும்பே தெரியாது. நாற்பது வருஷம் கொத்து வேலை செய்தவன் சொல்கிறேன், அது பெரிய வேலை. இடைவெளிகளைச் சிறு கற்களால் அடைத்து, மேலே மண்மேடு போட்டு மூடியிருந்தார்களாம். இப்போது நிற்பது எலும்புக்கூடு மாதிரிதான். அந்தத் திரென்தெ மாகாணத்து மண்ணில் தோண்டினால் மணலும் களிமண்ணும்தான் வரும், வெட்டி எடுக்க மலை கிடையாது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து பனிப்பாளங்கள் தள்ளிக்கொண்டு வந்து போட்ட கற்களை வைத்தே கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் போர்கர் என்ற ஊருக்குப் போனோம். இருப்பதிலேயே பெரியது அங்கேதான், 22 மீட்டருக்கு மேல் நீளம், மூடுகல் ஒன்று மட்டுமே 20 டன் இருக்கும் என்றார்கள். நான் வாயடைத்துப் போனது அந்தக் கல்லைப் பார்த்து இல்லை. மியூசியத்தில் மாப்பிள்ளை படித்துச் சொன்ன கதையைக் கேட்டுத்தான்.

1730களில் கடல் நீரைத் தடுக்கக் கட்டிய கரைகளைத் தாங்கி நின்ற மரக்கட்டைகளைக் கப்பல் புழு அரித்துவிட்டது. கரையைக் காப்பாற்றக் கல் வேண்டும். கல்லுக்கு விலை ஏறியது. கல்வீடுகளையும் பிரித்து விற்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான், 1734இல், இந்தக் கற்களை யாரும் எடுக்கக் கூடாது என்று திரென்தெவில் சட்டம் போட்டார்கள். அந்த நாட்டில் இன்றைக்கு 54 மிஞ்சியிருக்கின்றன, 52 திரென்தெவில். போன உலகப் போரில் ஹாவெல்டே ஊரில் ஒன்றை விமானத் தளத்துக்காக ஜெர்மன் படை பிரித்துப் புதைத்துவிட்டது. வான் கிஃபன் என்ற ஆய்வாளர் அதை முன்பே அளந்து வரைந்து வைத்திருந்தார். போர் முடிந்ததும் அதைப் பார்த்தே தோண்டி எடுத்து மறுபடியும் நிறுத்திவிட்டார்கள்.

கண்ணு, இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு மேஸ்திரியிடம் வேலை. வீட்டு வாசலுக்குப் பலகைக்கல் வேண்டுமென்று நம் ஊர்க் குன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கே குள்ளர் வீடு ஒன்றின் மூடுகல்லை நெம்பி இறக்கி, குழி வெட்டி ஆப்பு இறக்கிப் பிளந்தோம். கல் நூல் பிடித்தாற்போலப் பிளந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அடியில் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் கிடந்தன. காலால் ஒதுக்கிவிட்டேன். உங்கள் குரோனிங்கனில் இருந்த தித்தியா பிராங்கெர்ஸ்மா என்ற பெண் 1685இலேயே போர்கரில் தோண்டிப் பார்த்து, அந்தக் கல்வீட்டைப் பற்றிக் கவிதையும் எழுதினார் என்று நீ சொன்னபோது எனக்கு அந்த ஓடுகள்தான் கண்ணில் நின்றன. மேஸ்திரி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மேல் பழி போட்டு என்ன? சம்மட்டி என் கையில்தான் இருந்தது.

வந்த மூன்றாம் நாள் காலையில் குன்று ஏறினேன். முழங்கால் வலிதான், பரவாயில்லை. இதே மாதிரிக் குள்ளர் வீடுகள் இருக்கிற மல்லச்சந்திரத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள், நம் குன்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நான் பிளந்ததன் இடத்தில் மூன்று பக்கக் கல் மட்டும் சாய்ந்து கிடக்கிறது. அதற்கு மேற்கே இரண்டு முழுசாக நிற்கின்றன. ஒன்றில் வட்டமாக வெட்டிய ஓட்டை அப்படியே இருக்கிறது. மண்ணில் ஓட்டுத்துண்டுகளும் தெரிந்தன. இந்தத் தடவை எதையும் தொடவில்லை.

பழைய டேப்பையும் ஒரு நோட்டையும் எடுத்துப்போய் அளக்க ஆரம்பித்திருக்கிறேன். நீளம், அகலம், கனம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது, எல்லாம். வரைந்து முடித்துத் தாலுகா ஆபீசில் ஒரு பிரதியும், தொல்லியல் துறைக்கு ஒரு பிரதியும் கொடுப்பதாக இருக்கிறேன். மனுவை மாப்பிள்ளை டைப் செய்து அனுப்பினால் நல்லது.

பொங்கலுக்கு வரும்போது பையனுக்கு நல்ல ஷூ வாங்கி வா, ஏற்றத்தில் நெருஞ்சி முள் அதிகம். மூடுகல்லை ஒற்றை ஆளாக அளக்க முடியவில்லை, டேப்பின் மறுமுனையை அவன் பிடிக்கட்டும்.

அப்பா