ஆற்றங்கரைக் கிழட்டு மரங்களை விட்டுவையுங்கள்

ஓசூர், தருமபுரி வனக்கோட்ட அதிகாரிகளுக்கு வணக்கம்.

காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இலும் தெற்குச் சரணாலயம் 2022-இலும் வந்தன. மனமார நன்றி. யானைக்கும் சிறுத்தைக்கும் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது சாம்பல் நிற மலை அணிலுக்காக.

இந்த அணில் மலைச்சரிவில் உள்ள முட்காட்டில் தங்காது. காவிரியையும் அதில் சேரும் ஓடைகளையும் ஒட்டி நீர்மருதும் புளியும் நாவலும் அடர்ந்து நிற்கிற குறுகலான கரைதான் அதன் வீடு. பெரிய மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். குச்சியும் இலையும் சேர்த்துக் கட்டிய கூடு, பெரும்பாலும் பக்கத்து மரத்தின் கிளை வந்து பின்னிக்கொள்கிற இடத்தில் இருக்கும். மேலே கழுகு வட்டமிட்டால் தரையில் கால் படாமலே அடுத்த மரத்துக்குத் தாவிவிடலாம். ஒரே அணில் இப்படிப் பல கூடுகள் கட்டும். அதனால் ஒரு மரம் போதாது, கிளையோடு கிளை தொடும் மரங்கள் வரிசையாக வேண்டும்.

நடுவில் ஒரு கிழட்டு மருது சாய்ந்தால் அந்த வரிசை அறுந்துபோகிறது. பதிலுக்குப் பத்துக் கன்று நடலாம், சரி. ஆனால் அவை கிளை விரித்துப் பக்கத்து மரத்தைத் தொட ஒரு தலைமுறை ஆகும். தானாக முளைக்கும் கன்றையோ மாடு கடிக்கிறது, தப்பியதை உண்ணிச்செடி மூடிவிடுகிறது. பட்டி போட்டு மாடு மேய்ப்பவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுக்கும் அந்தக் கரையை விட்டால் தண்ணீருக்கு வேறு வழி கிடையாது.

பட்டுப்போன மரத்தையும் விழுந்த கட்டையையும் அப்படியே விடுங்கள். பொந்தில் மரநாயும் ஆந்தையும் இருக்கும், கட்டைக்கு அடியில் மூஞ்சூறு இரை தேடும். அப்புறம் புளி. நம் இரண்டு மாவட்டத்துக்கும் அது பிழைப்பு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கரையோரப் புளியை மட்டும் உலுக்காமல் அணிலுக்கு விட்டுவிடலாமே.

கோடையில் மலை இலையுதிர்ந்து நிற்கும்போது கரை மட்டும் பச்சையாகத் தெரியும். மரவரிசை எங்கெங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அதுதான் நேரம். அஞ்செட்டி தொட்டல்லா ஓடையில் தொடங்கி, காவிரிக்கரையில் ராசிமணல், பிலிகுண்டுலு வரை ஒருமுறை நடந்து அந்த இடங்களைக் குறியுங்கள். முளைத்திருக்கும் கன்றுகளைச் சுற்றி அங்கே மட்டும் வேலி போடுங்கள். மேய்ப்பவர்களில் சிலரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துப் போங்கள். எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.