சண்முகத்துக்கு, காட்பாடியிலிருந்து

காட்பாடி,
வைகாசி 10

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதத்துக்கு இரண்டு மாதமாகப் பதில் எழுதாதது என் தவறுதான். கோமதி நலம், கத்திரி வெயிலில் கொய்யா மட்டும் பட்டுவிட்டது. தூக்கமின்மையைக் கண்டுபிடிக்கும் இரத்தப் பரிசோதனைக்கு நீயும் பணம் கட்டப்போவதாக மாணிக்கம் சொன்னான். அதற்கு முன் இதைப் படித்துவிடு.

அந்தப் பரிசோதனையை நான் செய்துகொண்டேன். காலை 8.30 மணிக்கு வெறும் வயிற்றில் மூன்று குழாய் இரத்தம் எடுத்தார்கள். கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் உட்பட எல்லா எண்ணும் வரம்புக்குள் இருப்பதாக நான்கு பக்க அறிக்கை வந்தது. மகன் அதைப் புரட்டிவிட்டு, “எல்லாம் நார்மல்தான் அப்பா, நீங்களாக நினைத்துக்கொள்கிறீர்கள்” என்றான். அன்பாகத்தான் சொன்னான். ஆனாலும், இரண்டு மணிக்கு ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் ரயிலின் ஊதலையும் மூன்றரைக்கு வரும் சரக்கு வண்டியின் நீண்ட தடதடப்பையும் விழித்த கண்ணோடு கேட்டுக் கிடக்கிறவனுக்கு அந்தச் சொல் எவ்வளவு வலிக்கும் என்பது உனக்குத் தெரியும்.

கார்டிசால் விடியற்காலையை ஒட்டி உச்சத்துக்கு ஏறி, நள்ளிரவை ஒட்டி மிகக் கீழே இறங்குவது. காலையில் எடுத்த குழாய் நள்ளிரவைப் பற்றி என்ன சொல்லும்? தூக்க நேரத்தை உடலுக்கு உணர்த்தும் ஹார்மோனான மெலடோனினோ இரவில் சுரந்து, கல்லீரலில் மாறி, சிறுநீரில் வெளியேறுவது. இரவு முழுவதும் சேர்த்து அளந்தால்தான் கணக்குக் கிடைக்கும்.

ஆராய்ச்சியை நான் குறை சொல்லவில்லை. சிறிதளவு இரத்தத்தில் உடலின் வேதிமாற்றங்களில் உண்டாகும் நூற்றுக்கணக்கான வளர்சிதைப் பொருள்களை, மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் நிறை நிறமாலைமானி என்ற கருவி ஒரே ஓட்டத்தில் அளந்துவிடுகிறது என்பதை நினைத்தாலே, வகுப்பில் நின்ற நாள்களின் உற்சாகம் எனக்குத் திரும்பிவிடுகிறது. பருப்பிலும் பாலிலும் வரும் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தில் சிறு பங்கே செரோடோனின் என்ற வேதிப்பொருளாகவும் அதிலிருந்து மெலடோனினாகவும் ஆகிறது. பெரும்பங்கு கைனுரெனின் என்ற வேறொரு பொருளாக மாறும் பாதையில் போய்விடுகிறது. தூங்காதவர்களிடம் இந்தப் பங்கீடு மாறுகிறதா என்று தேடுகிறார்கள்; தேடட்டும். ஆனால் முந்தின இரவு உண்டதும், விழுங்கும் மாத்திரையும், இரத்தம் எடுத்த நேரமும் அதே எண்களை அசைத்துவிடும். ஒரு தனி மனிதனைப் பார்த்து ‘உனக்குத் தூக்கமின்மை’ என்று உறுதி சொல்லும் இரத்த அடையாளம் இன்னும் மருத்துவர் கைக்கு வரவில்லை.

பிறகு நான் பார்த்த மருத்துவர், அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, படுத்த நேரம், விழித்த நேரம், பகல் சோர்வு எல்லாவற்றையும் இரண்டு வாரம் எழுதச் சொன்னார். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாவது தூக்கம் இப்படிக் கெட்டு, பகலும் கெடுகிறதென்றால் அதுவே தூக்கமின்மை. தைராய்டும் இரும்புச் சத்தும் பார்ப்பது வேறு காரணம் உண்டா என்று அறியத்தான் என்றார். மாத்திரைக்கு முன் எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் சிகிச்சையைத்தான் தொடங்கியிருக்கிறார். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பும் 2016இல் அதைத்தான் முதலில் வைத்தது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: 14 இரவுகளில் 11 இரவு தூக்கம் கெட்டது. மகன் அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் என் அறையிலிருந்த தொலைக்காட்சியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டான்.

உன் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. விடுதியில் அடுத்த அறைக்காரன் சுவரைத் தட்டியதை நீ மறந்திருக்க மாட்டாய். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் அது வேறு நோய். அதற்கு உடலில் கருவிகளைப் பொருத்தி ஓர் இரவு முழுவதும் பார்க்க வேண்டும். மரகதம் பெங்களூரில் மகளோடு இருக்கும்போது அதை உனக்குச் சொல்ல ஆளில்லை. வருகிற சனிக்கிழமை குடியாத்தம் வந்து, பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கேட்டுச் சொல்கிறேன். அதுவரை பணத்தைக் கட்டாதே. ஒரு நோட்டை எடுத்து இன்றிரவே எழுதத் தொடங்கு.

அன்புடன்,
வேலு