பலூன் உப்பினால் எடை குறைவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் நிறை மாறா விதிக்கு (வேதிவினையில் மொத்த நிறை மாறாது என்ற விதி) வழக்கமாக வைக்கும் சோதனை இது: குடுவையில் வினிகர், அதன் வாயில் மாட்டிய பலூனுக்குள் சமையல் சோடா. சோடாவைக் கொட்டினால் பலூன் உப்பும். வாயு வெளியே போகவில்லை, ஆகவே எடை மாறாது என்று அட்டையில் எழுதியிருக்கும். ஆனால் 0.1 கிராம் வரை காட்டும் தராசில் வைத்தால் எடை குறையும். கசிவே இல்லாவிட்டாலும் குறையும். விதி பொய்த்துவிட்டதோ என்று பயந்து முன்பும் பின்பும் ஒரே எண்ணை எழுதிவைக்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. அது மிகவும் வருத்தத்துக்குரியது.

குறைவுக்குக் காரணம் காற்றின் மிதப்பு விசை. 4.2 கிராம் சோடா முழுவதும் வினைபுரிய 5 சதவீத வினிகர் 60 மி.லி.க்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும், 2.2 கிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். அதில் கொஞ்சம் கரைசலிலேயே தங்கிவிடும். மீதி வாயு பலூனை ஏறத்தாழ 1.1 லிட்டருக்கு விரிக்கிறது. அவ்வளவு இடத்திலிருந்து விலகிய காற்றின் நிறை சுமார் 1.3 கிராம். கிணற்று நீரில் மூழ்கிய குடம் இலேசாக இருப்பதுபோல, பலூனும் அந்த அளவுக்கு இலேசாகத் தெரியும். நூலால் பலூனைச் சுற்றி அளந்து இதைச் சரிபார்க்கலாம்: சுற்றளவு 40 செ.மீ. என்றால் கன அளவு ஏறக்குறைய 1.1 லிட்டர். லிட்டருக்கு 1.16 கிராம் காற்று என்று பெருக்கி, தராசு காட்டும் எண்ணோடு கூட்டினால் பழைய எடை கிட்டத்தட்ட திரும்பிவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு இது அருமையான கணக்கு.

கணக்கு வேண்டாம் என்றால் விரியாத கலனுக்கு மாறலாம். காலியான 1 லிட்டர் பிளாஸ்டிக் சோடா பாட்டில் போதும். தண்ணீர் பாட்டில் மெல்லியது, கண்ணாடி பாட்டில் ஆபத்து, இரண்டும் கூடாது. 40 மி.லி. வினிகர் ஊற்றி, 2.1 கிராம் சமையல் சோடா நிரப்பிய சிறு சோதனைக்குழாயைச் சாயாமல் உள்ளே இறக்கி, மூடியை இறுக்கி எடை எடுக்கவேண்டும். பிறகு சாய்த்துக் கலந்து, நுரை அடங்கியதும் மீண்டும் எடை. இரண்டும் ஒன்றாக இருக்கும். மூடியை மெதுவாகத் திருகி வாயுவை விட்டபின் மூன்றாவது எடை: ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக இறங்கியிருக்கும். சோடாவின் அளவைக் கூட்டக் கூடாது, உள்ளழுத்தம் ஏறும்.

முதல் இரண்டு எடைகள் ஒத்துவராவிட்டால் பாட்டிலை நீரில் அமிழ்த்திப் பாருங்கள்; மூடியோரம் குமிழி வந்தால் கசிவு. எடை கூடியிருந்தால் வெளிப்புற ஈரத்தைச் சந்தேகிக்கலாம். இவ்வினையில் கரைசல் குளிர்வதால் கடலோர ஊர்களில் பாட்டில் வியர்க்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு எடை எடுக்கவும். மூடிய டப்பாவில் பனிக்கட்டி உருகும் சோதனையிலும் இதே தொல்லைதான், இன்னும் அதிகமாக. மின்விசிறியை நிறுத்திவிடுவதும் அவசியம்.

மூடியைத் திறக்கும் முன்பே எடை எடுப்பது இங்கே உயிர்நாடி. 17-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி ராபர்ட் பாயில் மூடிய கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கி, திறந்தபின் எடை பார்த்தார். காற்று உள்ளே பாய்ந்த ஓசையைக் கேட்டும், கூடிய எடைக்குக் காரணம் கண்ணாடியை ஊடுருவிய நெருப்புத் துகள்களே என்று 1673-இல் எழுதினார். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே அதே சோதனையில் திறக்கும் முன் எடை எடுத்தார், மாற்றமில்லை. திறந்ததும் புகுந்த காற்றின் அளவுக்கே எடை கூடியது. அதை 1774-இல் வெளியிட்டார்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் இச்சோதனையை வெளியிடும்போது பலூனுக்குப் பதில் சோடா பாட்டிலைப் பரிந்துரைத்து, திறந்தபின் எடுக்கும் மூன்றாவது எடையையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்,
திருச்சி